பதினொரு மணிக்குக் கை நடுங்குவது ஏன்?

பாலக்கோட்டில் இருக்கும் என் அக்காவுக்கு எடை குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடத்தில் 34 கிலோ குறைந்தாள். அப்புறம் 9 கிலோ திரும்பி ஏறிவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது, காலை பதினொரு மணிக்கு அடுப்படியில் நின்று உருண்டை வெல்லத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "ஒரு துண்டு போட்டாத்தான் கை நடுங்கறது நிக்குது தம்பி" என்றாள்.

வாயைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் எல்லோரும் அவளைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவின் குளுக்கோமீட்டரை எடுத்து, அடுத்த நாள் அதே நேரத்தில், வெல்லத்தைத் தொடும் முன் பார்த்தோம். 58 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அவள் உடம்பு நிஜமாகவே சர்க்கரை கேட்டிருக்கிறது.

காரணம் ஒன்பது மணிக்குக் குடித்த கஞ்சியில் இருந்தது.

அவளுக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்கிற முறை. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். ஒரு லிட்டருக்கு மேல் பிடித்த பை, 100 முதல் 150 மில்லிக்கு, அதாவது ஒரு டீ டம்ளர் அளவுக்கு வந்துவிடும். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது, வெட்டி எடுக்கப்படும் அந்த மேல்பகுதியில்தான். அதனால் ஆரம்ப மாதங்களில் பசியே தெரியாது.

ஆனால் பழைய இரைப்பை இன்னொரு வேலையும் செய்துவந்தது. சாப்பிட்டதைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடும். குழாயால் அப்படிப் பிடித்து வைக்க முடியாது. வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி சரசரவென்று இறங்கி, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. கணையம் தேவைக்கு அதிகமாக இன்சுலினைக் கொட்டுகிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தடாலென்று விழும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கூடவே இனிப்பு வேண்டும் என்ற வெறி. 'லேட் டம்பிங்' என்கிறார்கள். வெல்லம் சாப்பிட்டதும் நடுக்கம் நிற்கும். வெறும் வெல்லமாகவே போவதால் மறுபடி ஏறி, மறுபடி விழும்.

கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானின் முன்னோர் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. எங்கள் பக்கம் வெல்லத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. "சர்க்கரை இல்லையே, வெல்லம்தானே" என்பாள் அக்கா. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். குடலுக்கு வித்தியாசம் தெரியாது.

எடை ஏறியதற்கு இது மட்டும் காரணமில்லை. கொழுப்பு குறையும்போது, கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டினும் குறைகிறது. மூளை இதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, உடம்பின் சக்திச் செலவைக் குறைக்கிறது. தசையும் கரைந்திருந்தால் செலவு இன்னும் குறையும். இந்த இழுப்பை எதிர்த்துத்தான் என் அக்கா தினமும் நின்றிருக்கிறாள்.

அந்த அளவைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். கஞ்சியை நிறுத்தச் சொன்னார். இப்போது காலையில் முதலில் அவித்த முட்டை, இல்லையென்றால் கொள்ளுக் கடைசல். கொள்ளில் 100 கிராமுக்கு சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அதற்குப் பிறகு நெல்லிக்காய் அளவு களி. தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. சர்க்கரை நிஜமாகவே விழுந்துவிட்டால் இனிப்பைத் தவிர்க்கக் கூடாது. அளவாக எடுத்து, நிதானமானதும் கொஞ்சம் சுண்டலோ முட்டையோ சாப்பிட வேண்டும். அடிக்கடி விழுந்தால் அதற்கு மருந்தும் உண்டு.

போன வாரம் போன் செய்தாள். பதினொரு மணிக்கு 84. நாலு மணிக்கு மட்டும் இன்னும் வெல்லத்து மேல நினைப்பு வருதாம். "ஆனி மாசம் மாம்பழம் வந்துடுமே, அப்ப என்னடா பண்றது?" என்று கேட்டாள். ஜூஸாக அடிக்காமல், சாப்பிட்டு முடித்த பிறகு செந்தூராவில் இரண்டு கீற்று, நன்றாக மென்று சாப்பிடு, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்துச் சொல் என்றேன்.