பள்ளி மூடிய நாளுக்கும் சத்துணவு உண்டு: நாள் கணக்குப் போடுவது எப்படி?

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். நடுவில் ஏறக்குறைய 19 மாதம். பாடம் போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு சேர்ந்து மதியச் சாப்பாடும் போனது. சட்டப்படி மதிய உணவுக்கு உரிமை உள்ளவர்களும் இதே 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள்தான். பள்ளி நேரம், நாள், சுழற்சி எது மாறினாலும் இந்த உரிமை என்ன ஆகும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உதவும்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு வரை மதிய உணவு இலவசம் என்கிறது. 8-ஆம் பிரிவு, கொடுக்க வேண்டிய உணவைக் கொடுக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி (தானியமும் சமையல் செலவுப் பணமும்) தர வேண்டும் என்கிறது. எவ்வளவு, எப்போது என்பதை 2015-இல் வந்த மதிய உணவு விதிகளின் 9-ஆம் விதி சொல்கிறது. அரிசி இல்லை, எரிபொருள் இல்லை, சமையலர் வரவில்லை, வேறு எந்தக் காரணமாக இருந்தாலும், பள்ளி நாளில் உணவு தரவில்லை என்றால் அந்த நாளுக்கான தானியத்தையும் சமையல் செலவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் தர வேண்டும். சாப்பாடு தயாராக இருந்து பிள்ளை சாப்பிடாமல் போனால் படி கிடையாது. சாப்பாடு தரமாக இல்லை என்ற காரணத்துக்கும் கிடையாது. அது தனிப் புகார்.

அளவு இதுதான். 1 முதல் 5 வரை நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 6 முதல் 8 வரை 150 கிராம். சமையல் செலவுக்கு மத்திய அரசு வைத்த அளவு, இதே வரிசையில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு, 2020 ஏப்ரல் 1 முதல் 4.97 ரூபாயும் 7.45 ரூபாயுமாக இருந்தது. 2025 மே 1 முதல் 6.78 ரூபாயும் 10.17 ரூபாயும். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் இந்தத் தொகைக்குள் அடக்கம், அரிசி அடக்கமில்லை.

ஒரு மாதத்தில் 24 பள்ளி நாட்களும் சாப்பாடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு 2.4 கிலோ அரிசியும் 162 ரூபாய் 72 காசும் வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 3.6 கிலோவும் 244 ரூபாய் 8 காசும். பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. 2020 மே மாதத்துக்குத் தமிழ்நாட்டில் உலர் உணவுப் பொருளாகத்தான் கொடுத்தார்கள்: தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 3.1 கிலோ அரிசி, 1.2 கிலோ பருப்பு. நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு 4.65 கிலோ அரிசி, 1.25 கிலோ பருப்பு. அரிசிக் கணக்கு கச்சிதம்: 31 நாளை 100 கிராமாலும் 150 கிராமாலும் பெருக்கினால் அதே எண் வரும். பருப்பு, தொடக்கப்பள்ளிக்கு நாளுக்கு 20 கிராம் என்ற அளவுப்படி 620 கிராம்தான் வர வேண்டும். காய்கறி, எண்ணெய் இருந்த இடத்தையும் பருப்பே நிரப்பியது.

இதில் சிக்கலான சொல் ‘பள்ளி நாள்’. சட்டம் பள்ளி விடுமுறை நாட்களை விட்டுவிடுகிறது. ஆகவே அரசாணையில் இருப்பது விடுமுறையா, மூடலா என்பதைப் பொறுத்து அரிசி வரும் அல்லது நின்றுபோகும். கோடை விடுமுறைக்குச் சட்டப்படி உணவு கிடையாது. மேலே சொன்ன மே மாதப் பொருள் வந்ததற்குக் காரணம், நோய்த்தொற்றை முன்னிட்டு அந்த ஆண்டு மத்திய அரசு கோடைக்கும் சேர்த்துக் கொடுக்கத் தனியாக ஒப்புதல் தந்தது. அடுத்த முறை அப்படி ஒப்புதல் வந்தால்தான் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் கலெக்டர் விடும் மழை லீவுக்கும் இதே கதைதான், படி கிடையாது. ஆனால் அந்த லீவை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைத்தால் அந்தச் சனிக்கிழமை பள்ளி நாள். அரை நாள் வகுப்பு என்று சொல்லி மதியத்துக்கு முன்பே வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது.

சுழற்சி முறை இன்னும் நுட்பமானது. 2021-இல் வகுப்புக்கு 20 பேர் என்று பிரித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னார்கள். பள்ளி வாரத்தில் ஆறு நாளும் நடந்தது. பிள்ளைக்குக் கிடைத்தது மூன்று நாள். மீதி மூன்று நாளில் பள்ளி இயங்கியது, சமையலும் நடந்தது, ஆனால் அந்தப் பிள்ளையை வரக் கூடாது என்று சொன்னது பள்ளிதான். இதைச் ‘சாப்பாடு இருந்தும் சாப்பிடவில்லை’ என்ற விலக்கில் சேர்ப்பது விதியை வளைப்பது. முறை இல்லாத நாளுக்கும் படி கேட்பது நியாயம். 24 பள்ளி நாளில் 12 நாள் வீட்டில் என்றால் நான்காம் வகுப்புக்கு 1.2 கிலோவும் 81 ரூபாய் 36 காசும்.

ஆசிரியருக்கு இங்கேதான் வேலை இரட்டிக்கும். ஒரே பாடத்தை இரு குழுவுக்கும் நடத்துவதோடு, குழுவாரியாக வருகைப் பதிவும் வைக்க வேண்டும். ‘வரவில்லை’ என்பதையும் ‘இன்று முறை இல்லை’ என்பதையும் ஒரே குறியில் போட்டுவிட்டால் மாதக் கடைசியில் எந்தப் பிள்ளைக்கு எத்தனை நாள் என்று பிரிக்கவே முடியாது. முதல் நாளே இரண்டுக்கும் வேறு வேறு குறி வைத்துவிடுங்கள். இருப்புப் பதிவேடு சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கும். வருகைப் பதிவும் அதுவும் நாள் எண்ணிக்கையில் ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்தால் போதும், தணிக்கையில் தலைவலி மிச்சம்.

பெற்றோர் பக்கம் வருவோம். அக்காவும் தம்பியும் வேறு வேறு நாளில் பள்ளிக்குப் போனால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வாரம் முழுக்க யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும்; கூலிக்குப் போகிறவர்களுக்கு அது நேரடிச் சம்பள நட்டம். ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே நாளில் போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுங்கள். குழு பிரித்தபின் மாற்றுவது கடினம்.

பொருள் வாங்கும்போது எடை போட்டு வாங்குங்கள். 3.1 கிலோ, 4.65 கிலோ போன்ற அளவுகளை அரிசி அளக்கும் படிப் பாத்திரத்தில் அளந்தால் கட்டாயம் முன்னே பின்னே வரும். எந்த மாதத்துக்கு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு மாதத்துக் கட்டத்தில் ஒரே நாளில் கையெழுத்து வாங்கி ஒரு மாதப் பொருள் மட்டும் கொடுத்தால் பிறகு நிரூபிக்க வழியில்லை. ரேஷன் கடை அரிசி வாங்குகிறீர்களே என்று சொல்லி இதைக் குறைக்க முடியாது, அது குடும்ப அட்டைக்கு, இது பிள்ளைக்கு. ஆதார் இல்லை என்றும் மறுக்க முடியாது: 2019 திருத்தத்தில் வந்த ஆதார் சட்டத்தின் 3ஏ பிரிவு குழந்தைகளுக்கு அப்படி மறுப்பதைத் தடுக்கிறது.

யாருக்குக் கிடையாது? தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் படித்தாலும் இல்லை. 9, 10 வகுப்புகளுக்குச் சத்துணவு தருவது மாநிலத் திட்டம், எனவே அவர்களுக்கு மாநில அரசாணையைத்தான் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படியே. மத்தியச் சட்டம் பேசுவது மதிய உணவைப் பற்றி மட்டும். நாளைக்குப் பள்ளி மூடினால் காலை உணவுக்கு ஈடாக எதுவும் தர வேண்டும் என்று அதில் இல்லை.

15-ஆம் தேதி தாண்டியும் வரவில்லை என்றால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்து வட்டார வளர்ச்சி அலுவலர். அதற்கும் மேல் கலெக்டர் அலுவலகத்தில் சத்துணவுக்கென்றே இருக்கும் நேர்முக உதவியாளர். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தாலும் அங்கேதான் போகும். தொடர்ந்து 3 நாளோ, மாதத்தில் 5 நாளோ உணவு இல்லை என்றால் பொறுப்பானவரைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே 9-ஆம் விதி சொல்வதை மனுவில் குறிப்பிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்பதானால் ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லிக் கடிதம் வரும், அவ்வளவுதான். குறிப்பிட்ட மாதத்தின் வருகைப் பதிவு, அரிசி இருப்புப் பதிவேடு, வழங்கல் பதிவேட்டுப் பக்கங்களின் நகல் என்று கேளுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் நின்றது என்பது தெரிந்துவிடும்.