ஒரு மின்தேக்கியும் நான்கு குமிழ்களும்

சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிக்குள், ஒலி அலையை உருவாக்கும் ஆஸிலேட்டர் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தலுக்குத் தொடக்கமும் முடிவும் தருவது என்வலப் ஜெனரேட்டர். அது தானாக எந்த ஒலியும் எழுப்பாது. ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தை, ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும், அவ்வளவுதான்.

அட்டாக் (உச்சத்துக்கு ஏறுவது), டிகே (உச்சத்திலிருந்து இறங்குவது), சஸ்டெய்ன் (விசையை அழுத்தியிருக்கும்வரை நிற்பது), ரிலீஸ் (விசையை விட்டதும் அடங்குவது) என்று குமிழுக்கு ஒன்றாக நான்காகப் பிரிப்பது, 1965இல் இசையமைப்பாளர் விளாடிமிர் உசாச்செவ்ஸ்கி சின்தசைசர் தயாரிப்பாளர் ராபர்ட் மூகுக்குத் தந்த குறிப்புகளிலிருந்து வந்தது. இவற்றில் மூன்று நேரத்தைக் குறிப்பவை. சஸ்டெய்ன் மட்டும் மின்னழுத்த மட்டம். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

உள்ளே இருப்பது நிரம்பி வடியும் ஒரு மின்தேக்கி. 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 1 மெகாஓம் வழியாக 12 வோல்ட்டை நோக்கி நிரப்பினால், 1 நொடியில் 63 சதவீதம் ஏறும். மீதி ஏற்றம் மந்தமாகிக்கொண்டே போகும். அதனால் முழுதாக நிரம்பக் காத்திராமல், 8 வோல்ட்டைத் தொட்டதுமே (சுமார் 1.1 நொடியில்) ஒப்பீட்டுச் சுற்று அட்டாக்கை நிறுத்தி டிகேயைத் தொடங்கும். குமிழைத் திருப்பி மின்தடையை 1 கிலோஓம் ஆக்கினால் இதே ஏற்றம் 1 மில்லிநொடி சொச்சத்தில் முடியும். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் அந்த 1 கிலோஓம் தொடரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பும் சுற்றுக்குத் தாங்காது.

அட்டாக் மிக வேகமானால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழு அலைவுக்கு 20 மில்லிநொடி ஆகும். அலைவின் நடுவில் சட்டென்று ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் அலை பூஜ்யத்திலிருந்து தாவுகிறது. அட்டாக்கை 5 மில்லிநொடிக்கு ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேகமாக வாசிக்கும்போது வேறொரு தொல்லை: முந்தைய சுரத்தின் மின்னூட்டம் வடிவதற்குள் அடுத்த அட்டாக் பாதி உயரத்திலிருந்து கிளம்பும், சுரத்தின் தொடக்கத்தில் வேகம் இருக்காது. சில கருவிகள் மின்தேக்கியை முதலில் காலிசெய்துவிட்டுத் தொடங்கும். அதிலும் 'டிக்' வர வாய்ப்புண்டு.

சுற்றைத் தாமே கட்டுபவர்கள் கசிவைக் கவனிக்க வேண்டும். மலிவான எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியில் 5 மைக்ரோஆம்பியர் கசிந்தால், 1 மெகாஓமில் 5 வோல்ட் போய்விடும். ஏற்றம் 7 வோல்ட்டிலேயே நின்று, 8ஐத் தொடாததால் டிகே தொடங்கவே தொடங்காது. கசிவு குறைந்த ஃபிலிம் மின்தேக்கி போட்டு, வெளியீட்டை டி.எல்.072 போன்ற, உள்ளீட்டில் மின்னோட்டத்தை ஏறக்குறைய உறிஞ்சாத எஃப்.இ.டி. வகை ஆப்-ஆம்ப் சில்லு வழியாக எடுப்பது நல்லது. விசையை விட்ட பிறகும் ஒலி மெலிதாகக் கசிந்தால் ரிலீஸ் பாதையில் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடைச் சந்தேகிக்கலாம்: கடைசி 0.6 வோல்ட் அதைத் தாண்டி எளிதில் வடியாது.