படகுக்கு இறக்கம் கிடையாது

அமெரிக்க ஏரிகளில் இன்றும் ஓடும் பழைய இன்போர்டு (எஞ்சின் உள்ளேயே பொருத்திய) படகுகள் பலவற்றில் இருப்பது ஷெவர்லே 5.7 லிட்டர் வி-8 எஞ்சின். கார்களில் வந்த அதே 350 கன அங்குல எஞ்சின்தான். அதனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் கெட்டுப்போனால், கார் கார்புரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றும். போல்ட்டும் பொருந்தும், எஞ்சினும் ஓடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வழியும் பெட்ரோல் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதைப் போலவே கார்புரேட்டரின் கிண்ணத்திலும் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழுந்து ஊசி வால்வை மூடும். ஊசியில் தூசு சிக்கினால் மூடாது, பெட்ரோல் வழியும். காரில் அது தரையில் சொட்டும், காற்று ஆவியைக் கலைத்துவிடும். படகிலோ எஞ்சின் மூடிய அறைக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம் என்பதால் படகின் அடியில் போய்த் தேங்கும். அப்புறம் ஒரு சின்னப் பொறி போதும், படகே வெடிக்கும்.

படகுக்கென்றே செய்த கார்புரேட்டரில் கிண்ணத்தின் காற்றுக் குழாய்கள் ‘ஜே’ எழுத்துபோல வளைந்து, காற்று உள்ளே போகும் தொண்டைக்குள்ளேயே திரும்பும். வழிகிற பெட்ரோல் வெளியே வராமல் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் திணறி நின்றுவிடும். நடு ஏரியில் நிற்பது எரிச்சல்தான், ஆனால் உயிர் தப்பும். மிதவை வால்வு திறந்தே கிடந்தாலும் 30 நொடியில் 5 மில்லிக்கு மேல் கசியக் கூடாது என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி.

பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையும் வேறு. சமதளச் சாலையில் காருக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். படகு எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகிறது. மேடு ஏறும் லாரியின் நிலைமைதான், இறக்கமே வராது. பெட்ரோல் குறைந்த கலவையில் இப்படி நெடுநேரம் ஓடினால் பிஸ்டன் உருகும்.

சரி, எவ்வளவு பெரியது வாங்குவது? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். அதன் இரு மடங்கு 3456. முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 4800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக, 350-ஐ 4800-ஆல் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 486 கன அடி காற்று. சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் உண்மைத் தேவை இன்னும் குறைவு. எனவே நிமிடத்துக்கு 600 கன அடி காற்று விடும் கார்புரேட்டர் தாராளம். பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அகன்ற தொண்டையில் காற்று மெதுவாகப் போகும், பெட்ரோலை உறிஞ்சும் இழுவிசை குறையும், மெல்ல ஓட்டும்போது எஞ்சின் தடுமாறும்.

பழைய கார்புரேட்டர் ரோசெஸ்டர் குவாட்ராஜெட் வகை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அதில் முன் இரு துளைகள் சிறியவை, பின் இரண்டும் மிகப் பெரியவை. நான்கும் சம அளவாக உள்ள கார்புரேட்டரை அந்த இடத்தில் வைக்க இடைத்தகடு வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் காற்றுக் கசியும். கழற்றும்போதே பழையதன் உடலில் பொறித்துள்ள எண்ணையும் எஞ்சினின் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.