ஃபிரீலான்சர்: தன்னுரிமைத் தொழிலர்

கிழக்கிலங்கையின் கல்லடியிலோ கல்முனையிலோ வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டாருக்கு இலச்சினை வரைந்து கொடுக்கும், மொழிபெயர்த்துக் கொடுக்கும், பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் இளையோரிடம் என்ன தொழில் என்று கேட்டால் 'ஃபிரீலான்சிங்' என்பார்கள். அதில் 'ஃபிரீ' என்று வருவதால், ஓய்வாக இருக்கும்போது செய்கிற வேலை என்று சில பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். காசு வாங்காமல் செய்கிற வேலை என்று சில உறவினர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் பிழை. அந்தப் பிழையால் உழைப்பவருக்கு நட்டம் வருகிறது என்பதாலேயே இந்தச் சொல்லை விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் 'லான்ஸ்' என்பது குதிரைவீரன் ஏந்தும் நீண்ட ஈட்டி. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், ஒப்புக்கொண்ட கூலிக்குப் போரிட்ட வீரன் 'ஃபிரீ லான்ஸ்'. இது இடைக்காலச் சொல் என்று பலரும் எழுதுகிறார்கள். வீரர்கள் இடைக்காலத்தவர்கள்தான், சொல் 19ஆம் நூற்றாண்டுக்குரியது. 1819 இறுதியில் வெளிவந்த 'ஐவன்ஹோ' என்ற வரலாற்று நாவலில் வால்ட்டர் ஸ்கொட் இதைக் கையாண்டார். அதன் பிறகே சொல் பரவியது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்சி சாராத அரசியல்வாதிக்கும், ஒரு பத்திரிகையில் நிலையாக இல்லாமல் பலவற்றுக்கு எழுதுபவருக்கும் அது ஆகிவந்தது. ஆக, 'ஃபிரீ' என்பது ஈட்டியின் விலையைச் சொல்லவில்லை. ஈட்டியை ஏந்தியவன் எவனுக்கும் அடிமையில்லை என்றுதான் சொல்கிறது. அவன் கூலி வாங்கினான், பேசி வாங்கினான்.

தமிழில் இதற்கு ஏற்கெனவே பல சொற்கள் புழங்குகின்றன. இலங்கைப் பத்திரிகைகள் 'சுயாதீன ஊடகவியலாளர்', 'சுதந்திர ஊடகவியலாளர்' என்று எழுதுகின்றன. ஊடகத்துறைக்கு அது பொருந்துகிறது. 'சுயாதீன வடிவமைப்பாளர்' என்றால் ஏதோ ஆணைக்குழுவின் உறுப்பினரைப் போல ஒலிக்கிறது. 'பகுதிநேர வேலை' நேரத்தின் அளவை மட்டும் சொல்லும். நாள் முழுவதும் உழைக்கும் ஒருவரைப் பகுதிநேரக்காரர் என்பது அநியாயம். 'சுயதொழில்' பொருளால் மிக நெருங்கிய சொல். ஆயினும் சுனாமிக்கும் போருக்கும் பின் எங்கள் மாவட்டங்களில் அந்தச் சொல் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்த வாழ்வாதார உதவித் திட்டங்களோடு ஒட்டிப்போயிற்று. கடைக்காரரும் தையற்காரரும்கூடச் சுயதொழிலாளர்களே என்பதால் எல்லையும் பெரிது. 'கைவினைஞர்' என்பதைப் பின்பற்றித் 'தன்வினைஞர்' என்று ஆக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். 'தன்வினை' என்றதும் 'தன்னைச் சுடும்' என்று நாக்கு தானாக முடித்துவிடுகிறது. பிழைக்க வந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

தமிழகத்திலும் இணையத்திலும் சிலர் எழுதும் 'தன்னுரிமை' என்ற முன்னொட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு உரித்து என்று தலைமுறையாகப் பேணிவரும் மட்டக்களப்பாருக்கு 'உரி' என்ற வேரின் எடையை யாரும் விளக்கத் தேவையில்லை. யாருக்கு வேலை செய்வது, எந்த வேலையை மறுப்பது, என்ன கட்டணம் கேட்பது என்ற மூன்றும் தன்னுடைய உரிமை. ஈட்டி வீரனின் 'ஃபிரீ'யில் இருந்த பொருள் முழுவதும் இதில் வந்துவிடுகிறது.

அதோடு எதைச் சேர்ப்பது? 'இணையச் சேவை' என்று பலர் விளம்பரம் போடுகிறார்கள். தமிழ்க் காதுக்குச் 'சேவை' என்பது சமூக சேவை, கோயில் சேவை. கைம்மாறு கருதாமல் செய்வது. 'பணி'யும் 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற அப்பர் வாக்கோடு வளர்ந்த சொல், பணிதலும் அதற்குள் இருக்கிறது. இரண்டும் உயர்ந்த சொற்கள்தான். ஆனால் விலை சொல்ல வேண்டிய இடத்தில் இவை தொண்டையை அடைக்கின்றன. திருமண அழைப்பிதழ் வடிவமைக்கத் தெரிந்த பெண்ணிடம் "சின்ன வேலைதானே மகள், சும்மா செய்து தா" என்று மாமி கேட்கும்போது, சேவை செய்பவள் மறுக்க மாட்டாள். தொழில் செய்பவள் அன்பாகவே கட்டணத்தைச் சொல்லலாம். ஆகவே 'தன்னுரிமைத் தொழில்' என்பதே என் தெரிவு. செய்பவர் தன்னுரிமைத் தொழிலர். 'தொழிலாளர்' என்றால் எதிரே ஒரு முதலாளி வந்து நிற்பார் என்பதால் 'தொழிலர்' போதும்.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் வாழ்க்கையை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டுப் படித்து முடித்து, பாடசாலை நியமனத்துக்குக் காத்திருக்கும் ஒருவர் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இணையத்தில் சங்கீதம் கற்பிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இலண்டன் பிள்ளை பள்ளி விட்டு வந்து மாலை 5 மணிக்கு அமர்ந்தால் இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. ரொறன்ரோவின் சனிக்கிழமைக் காலை 9 மணி இங்கே மாலை 6.30 அல்லது 7.30. அவர்கள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை, அதனால் வகுப்பு அட்டவணைதான் மாறவேண்டும். ஸூம் செயலி சுருதிப்பெட்டியின் தொடர் ஒலியை இரைச்சல் என்று கருதி வெட்டிவிடும். இசைக்கென்று அதில் இருக்கும் 'மூல ஒலி' அமைப்பை இயக்கினால்தான் சுருதி அந்தப் பக்கம் போய்ச்சேரும். ஒலி பிந்தி வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தாளம் போட முடியாது. ஆசிரியர் பாடி நிறுத்த வேண்டும், பிள்ளை திருப்பிப் பாட வேண்டும். நேரில் கற்பித்துப் பழகியவர் தன் முறையையே மாற்றி அமைக்கிறார். குரல் வளம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, கட்டணத்திலும் சேர்ப்பதில்லை. சேர்த்தே ஆக வேண்டும்.

பெயர் புதிது, வழக்கம் எங்களுக்குப் புதிதில்லை. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் எந்த ஊருக்கும் சம்பளக்காரர் அல்லர். ஊரார் அழைப்பார்கள், அவர் போய் ஆட்களைத் தெரிவுசெய்து, சட்டம் (அவரவர் பாட வேண்டிய பகுதி) கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணி விழா நடத்தி, அரங்கேற்றம் வரை கொண்டுவருவார். ஒவ்வொரு கட்டமும் ஊர் பார்க்க நடக்கும். முடிந்தபின் மரியாதையும் சன்மானமும் பெற்று அடுத்த ஊருக்குப் போவார். அவருடைய பெயரே அவருக்கு விளம்பரம்.

இன்று அந்த ஊர்ப்பேச்சின் இடத்தில், வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் சேர்த்துவைக்கும் இணையத்தளங்கள் இருக்கின்றன. 2010இல் இஸ்ரேலில் தொடங்கிய ஃபைவர், ஒரு வேலைக்கு 5 டொலர் என்ற தொடக்க விலையிலிருந்து பெயர் பெற்றது. விற்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. 50 டொலர் வேலை என்றால் கைக்கு 40. அதை வங்கிக்குக் கொண்டுவரும் செலவு தனி. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் 'கிக்' என்று பெயர். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் கச்சேரிக்கு வைத்திருந்த சொல். தமிழில் 'ஒற்றை வேலை' என்றால் விளங்கும். ஒப்பந்த வேலையைக் குறிக்கும் 'கொந்தராத்து' என்ற நம் பழைய இரவல் சொல் கட்டட வேலையோடு நின்றுவிட்டது, இழுக்க வேண்டாம்.

வரியையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானமும் 2025 ஏப்ரல் முதலாம் திகதி முதல் இலங்கையில் வரிக்குட்பட்டது. உச்ச வீதம் 15 சதவீதம். தொழில் என்று ஏற்றுக்கொண்டால் கணக்குப் புத்தகமும் உடன் வரும்.

இன்னொரு சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் 'முயற்சியாளர்', 'முயற்சியாண்மை' என்று வருபவை நிறுவனம் கட்டுபவரைக் குறிப்பன. தன்னுரிமைத் தொழிலர் தன் நேரத்தையும் திறமையையும் விற்கிறார். அவர் படுத்தால் வருமானமும் படுக்கும். அதே சங்கீத ஆசிரியர் தோழிகள் மூவரைச் சேர்த்து, ஒரு பெயரில் வகுப்புகளைப் பிரித்துக் கொடுத்து, தான் பாடாத நாளிலும் வகுப்பு நடக்கும்படி செய்தால் அன்று அவர் முயற்சியாளர் ஆகிறார். இரண்டில் ஒன்று மேல், ஒன்று கீழ் என்பது என் கருத்தன்று. மருதமுனை நெசவாளரின் மகள் சாரிக்கரைக் கோலங்களைக் கணினியில் வரைந்து விற்றபடி காலம் முழுவதும் தனியாகவே தொழில் செய்ய விரும்பினால் அது முழுமையான தொழில்தான்.

எழுதும்போது இப்படிக் கையாளலாம்: 'அவர் தன்னுரிமை மொழிபெயர்ப்பாளர்', 'தன்னுரிமைத் தொழிலில் ஐந்தாம் ஆண்டு', 'கட்டணத்தில் பாதி முற்பணம், மீதி வேலை ஒப்படைக்கும்போது'.