இழுக்கிற வண்டியால் நிறுத்தவும் முடியுமா?

டயரில் ரோட்டில் ஓடி வந்து, தண்டவாளத்துக்கு நேராக நின்று, இரும்புச் சக்கரங்களை இறக்கிக்கொண்டு வேகனை இழுக்கும் டிராக்மொபைலை, சைடிங்கில் (ஆலைக்குள் போகும் கிளைத் தண்டவாளத்தில்) வேலை பார்ப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். 1948இல் அமெரிக்காவில் ஒயிட்டிங் நிறுவனம் கொண்டுவந்தது. வேகனின் பாரத்தில் ஒரு பகுதியை டிராக்மொபைலின் கப்ளர், அதாவது வேகனோடு இணைக்கும் கொக்கி, தூக்கித் தன்மேல் ஏற்றிக்கொள்ளும், அதனால் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடி, தன்னைப்போலப் பல மடங்கு எடையை இழுக்கும். அருமையான வண்டிதான். ஆனால் இவ்வளவு இழுக்கிறதே, நிறுத்தவும் செய்யும் என்று நம்பிவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் ஆபத்து.

நிலக்கரி ஏற்றும் திறந்த வேகனான பாக்ஸ்என் ஒன்று, நிலக்கரியோடு 81 டன்னுக்கு மேல். பத்து வேகன் 810 டன். 400 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் அந்தச் சரிவில் பத்து வேகனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை மட்டும் சுமார் 2 டன். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும். தண்டவாளம் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம்.

இதற்குத்தான் வேகனிலேயே ஏர் பிரேக் இருக்கிறது. வேகன்களுக்கு இடையே காற்று போகும் ஹோஸ் பைப்பை மாட்டி, பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்று பல இடங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு வேகனாகப் போய் ரிலீஸ் கைப்பிடியை இழுத்துக் காற்றை வெளியேற்றிவிடுகிறார்கள். 'புஸ்' என்று சத்தம் வரும், பிரேக் கட்டை சக்கரத்தை விட்டு விலகும், வேகன் லேசாக நகரும். அந்த நொடியிலிருந்து அந்த வேகனுக்கு ஏர் பிரேக்கே கிடையாது.

நான் பார்த்த ஒரு சிமெண்ட் ஆலையில் இப்படிக் காற்று எடுத்த மூன்று வேகன்களை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது அவை எடைமேடையைத் தாண்டி நின்றன. நடுவில் ஆள் யாரும் இல்லாததால் பிழைத்தோம், சக்கரத்துக்கு அடியில் ஒரு தடுப்புக் கட்டைகூட வைத்திருக்கவில்லை.

காற்று இருந்தாலும் அது கசியும். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக்கில் 72 டேங்க் வேகன்களோடு நிறுத்திய ரயிலில் போட்டிருந்தது ஏழே ஏழு ஹேண்ட் பிரேக். இன்ஜின் அணைந்ததும் காற்று இறங்கி, ரயில் தானாக ஊருக்குள் ஓடியது. 47 பேர் செத்துப் போனார்கள்.

அப்புறம், டிராக்மொபைல் ரோட்டிலிருந்து தண்டவாளத்தில் ஏறுகிற இடம். மழைக்குப் பிறகு அங்கே தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் சிமெண்ட் தூசி கல்லாக இறுகிக் கிடக்கும். கடப்பாரையால் சுரண்டாமல் ஏற்றினால் சக்கரத்தின் விளிம்பு உட்காராது, கொஞ்சம் நகர்ந்ததும் தடம் புரளும். கப்ளரின் நக்கிளை (திறந்து மூடும் தாடையை) திறக்கவோ சரிசெய்யவோ வேண்டுமா? வண்டி முழுசாக நின்று, டிரைவர் கை காட்டிய பிறகுதான் வண்டிக்கும் வேகனுக்கும் நடுவே போக வேண்டும். நகர்கிற வண்டிக்கு முன்னால் காலால் உதைத்துச் சரிசெய்யும் பழக்கத்தைத் தயவுசெய்து இன்றே விடுங்கள்.

பிரிப்பதற்கு முன் ஹேண்ட் பிரேக்கைச் சுற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிராக்மொபைலால் லேசாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், அசையாமல் நிற்கிறதா என்று. வேகன்களை மாட்டிப் பிரிக்கும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் சாக்பீஸால் சக்கரத்திலும் தண்டவாளத்திலும் சேர்த்து ஒரு கோடு போடுவார். பத்து நிமிடம் கழித்து வந்து குனிந்து பார்ப்பார், கோடு விலகியிருந்தால் ஹேண்ட் பிரேக்குக்கு இன்னொரு சுற்று.