தேங்காயை நிமிர்த்தியது யார்?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்துல போர் போட பாயிண்ட் பாக்க ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோமுங்க. உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சுட்டு நடந்தாரு. ஒரு எடம் வந்ததும் அது எந்திரிச்சு நின்னுச்சு. நம்பாம நானும் வாங்கி வெச்சுப் பாத்தனுங்க, எனக்கும் அதே எடத்துல எந்திரிச்சுது. சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலீங்க. அப்ப அதை நிமித்துனது யாரு?"

தண்ணீர் வந்ததா என்று மட்டும் அவர் எழுதவில்லை.

முதலில் தண்ணீர்க் கதையை முடித்துவிடலாம். கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. நீர் நிற்பது அதன் மேலே சிதைந்து கிடக்கும் அடுக்கிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். நீரோட்டம் என்று நாம் கற்பனை செய்யும் பூமிக்கடி வாய்க்கால் அங்கே ஓடவில்லை. அதனால் பல இடங்களில் தோண்டினாலும் கொஞ்சமாவது ஈரம் கிடைக்கும், தேங்காய்க்காரருக்கும் நல்ல பெயர் கிடைக்கும். 1980களின் கடைசியில் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒரு கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இங்கும் அங்கும் நகர்த்தி வைத்து, மேல்தளத்தில் நீர் பார்ப்பவர்களை நடக்கவிட்டு, குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். சுமார் 500 பேரில் கெட்டிக்காரர்கள் என்று பொறுக்கிய 43 பேர், 843 முறை. பிறகு அந்தக் கணக்கை எடுத்து அலசிய ஜிம் என்ரைட், கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்வதைவிட இது ஒன்றும் மேலில்லை என்று காட்டினார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு அடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் சம்சாரி, அதற்கு முன்னால் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் மின்தடை ஆய்வு செய்து பார்க்கும் வசதி ஒவ்வொரு வட்டாரத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா? ஆயிரம் அடி ஓட்டிப் புகை மட்டும் வந்த குழிகளுக்குப் போன காசில் இதைப் போல எத்தனையோ செய்திருக்கலாம். சரி, அது வேறு புலம்பல்.

எனக்குப் பிடித்தது கேள்வியின் வால். "நான் ஒண்ணும் பண்ணலீங்க." இது அவருக்கு எப்படித் தெரியும்?

இதே சங்கடம் 1853-இல் லண்டனில் வந்தது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் மேசை தானாகத் திரும்புகிறது, ஆவிதான் திருப்புகிறது என்று ஊரே பேசியது. மின்காந்தத் தூண்டலைக் கண்ட மைக்கேல் ஃபாரடே இதில் தலையிட்டார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை அடுக்கடுக்காக, லேசாக வழுக்கும்படி ஒட்டி வைத்தார். மேசை கையை இழுத்திருந்தால் கீழட்டைதான் அதிகம் நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்தது மேலட்டை. கைதான் தள்ளியிருக்கிறது. அப்புறம் அவர் செய்ததுதான் அழகு: கை துளி அசைந்தாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளைப் பொருத்தி, அதைக் கை வைத்தவர்களின் கண்ணெதிரே வைத்தார். முள் கண்ணில் பட்டதும் மேசை நின்றுவிட்டது. அவர்கள் யாரும் பித்தலாட்டக்காரர்கள் இல்லை, தள்ளியது அவர்களுக்கே தெரியாது. ஒன்று நடக்கும் என்று மனம் எதிர்பார்த்தாலே தசை சின்னதாக அதைச் செய்துவிடும் என்று அதற்கு முந்தைய ஆண்டே உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் சொல்லியிருந்தார்.

தன் கை செய்தது தனக்குத் தெரியாமல் போவது எப்படி? அதற்கு, தெரியும்போது எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் எனக்கு ஆசை தீராது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் கீழிமையை ஓரத்தில் விரலால் மெதுவாக, ரொம்ப மெதுவாக, அழுத்திப் பாருங்கள். எதிர்ச்சுவர் குதிக்கும். இப்போது விரலை எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் இடமும் வலமும் ஓட்டுங்கள். விழித்திரையில் பிம்பம் முன்னைவிட அதிகமாக நகர்கிறது, சுவர் அசையாமல் நிற்கிறது. கண்தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று மூளைக்குள் வேறு பக்கமும் போகிறது. "இவ்வளவு நகரப் போகிறது" என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, வந்த அசைவிலிருந்து அதை மூளை கழித்துவிடுகிறது. விரலால் தள்ளினால் கண்தசைக்கு அந்தக் கட்டளை போவதில்லை, நகலும் இல்லை, கழிக்க ஒன்றுமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் நகலோடு ஒத்துப்போகும் சரக்கு சத்தமில்லாமல் குடோனுக்குப் போய்விடும், ஒத்துப்போகாத மூட்டைக்குத்தான் முதலாளியைக் கூப்பிடுவார்கள், அந்த மாதிரி. 1950-இல் ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டெட்டும், அதே ஆண்டில் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரியும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்தார்கள்.

தன்னைத்தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். 1990களின் கடைசியில் லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் குழு ஒரு சின்ன இயந்திரக் கையை வைத்தது. நீங்கள் இடக்கையால் ஒரு பிடியை அசைத்தால், பஞ்சு ஒன்று உங்கள் வலது உள்ளங்கையை வருடும். உடனே வருடினால் கூச்சம் இல்லை. அசைவுக்கும் வருடலுக்கும் நடுவே 100 மில்லிவிநாடி தாமதம் வைத்தார்கள், கூச்சம் வந்தது. 200 வைத்தார்கள், கூடியது. வருடியது அதே ஆள், அதே பஞ்சு. ஐந்தில் ஒரு பங்கு விநாடி பிந்தியதற்கே மூளை அதை அடுத்தவர் கணக்கில் எழுதிவிட்டது.

மனுசனுக்கு மட்டும் உள்ள சமாச்சாரமும் இல்லை இது. ராத்திரி தோட்டத்தில் காதைத் துளைக்கும், சுவர்க்கோழி என்றும் சொல்லும் சில்வண்டுக்குக் காது முன்னங்காலில் இருக்கிறது. தன் சத்தத்திலேயே அது செவிடாகாமல் இருப்பது, இறக்கையை உரசும் ஒவ்வொரு முறையும் ஒரு நரம்பணு காது கேட்கும் பாதையைச் சட்டென்று அடக்கிவிடுவதால். 2006-இல் போலேயும் ஹெட்விக்கும் அந்த ஒற்றை நரம்பணுவையே அடையாளம் காட்டினார்கள். "இது நான் போட்ட சத்தம்" என்பது பூச்சிக்கே தேவைப்பட்டிருக்கிறது!

ஆக, "நான் செய்தேன்" என்பது செய்கையோடு கூடவே பிறந்து வருவதில்லை. ஒத்துப்பார்த்த பிறகு மூளை தரும் தீர்ப்பு அது. தீர்ப்பு தவறலாம். உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எப்போது உருளலாம் என்று காத்திருக்கும் பொருள். கை மயிரிழை சாய்ந்தால் போதும், அது பெரிதாகப் புரளும். சாய்த்தது எதிர்பார்ப்பு, மனம் அறிந்து போட்ட கட்டளை இல்லை. விளைவோ கையின் அசைவுக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிது. கணக்கு ஒத்துப்போகவில்லை, "நான் இல்லை" என்று தீர்ப்பு வருகிறது. வாசகருக்கும் அதே இடத்தில் நிமிர்ந்ததில் வியப்பில்லை, அந்த இடத்தை அவர் ஏற்கனவே பார்த்துவிட்டாரே. கண்ணைக் கட்டி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நடக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

தீர்ப்பு எதிர்ப்பக்கமும் தவறும். 1999-இல் டேனியல் வெக்னரும் தாலியா வீட்லியும் இரண்டு பேரை ஒரே மவுஸைப் பிடித்து, பல பொருள்களின் படங்கள் உள்ள திரையில் சுட்டியை நகர்த்தச் சொன்னார்கள். ஒருவர் ஆய்வாளரின் ஆள், சில சமயம் சுட்டியை நிறுத்தியது அவர்தான். ஆனால் நிறுத்துவதற்குச் சில விநாடி முன்னால், சுட்டி நிற்கப்போகும் பொருளின் பெயரைக் காதில் கேட்டவர், "நான்தான் அங்கே நிறுத்த நினைத்தேன்" என்று சொல்லும் சாய்வு கூடியது. 1739-இல் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், உள்ளே தேடிப் பார்த்தால் சூடு, குளிர், வலி, இன்பம் என்று ஏதோ ஒரு உணர்வுதான் தட்டுப்படுகிறது, "நான்" என்று தனியாக ஒன்று அகப்படவில்லை என்று எழுதினார். அவரிடம் இந்த மவுஸைக் கொடுத்திருந்தால் குஷியாகியிருப்பார்.

பண்ணாரி குண்டத்திலோ ஊர் மாரியம்மன் நோம்பியிலோ அருள் வந்து ஆடிவிட்டு "நான் இல்லை, ஆத்தா" என்று சொல்பவரை நடிப்பு என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2003-இல் பிளேக்மோரும் ஓக்லியும் ஃபிரித்தும் அறிதுயிலில், அதாவது ஹிப்னாடிசத்தில், எளிதாக ஆழ்பவர்களிடம், "உங்கள் கையை ஒரு கப்பி தூக்கப் போகிறது" என்றார்கள். கப்பி வேலை செய்யவில்லை, கையைத் தூக்கியது அவர்களே. ஆனால் கை தானாகப் போனதாகவே உணர்ந்தார்கள். மூளைப் படத்தில் சிறுமூளையும் மேல்பக்கவாட்டு மூளையின் சில பகுதிகளும், அவர்கள் தெரிந்தே கையைத் தூக்கியபோது இருந்ததைவிட அதிகமாகச் செயல்பட்டன. அவர்கள் பொய் சொல்லவில்லை. கப்பியும் தூக்கவில்லை.

அருள் திருவிழாவோடு முடிந்துவிடும். எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். தன் எண்ணத்தை யாரோ பேசுகிறார்கள், தன் கையை யாரோ ஆட்டுகிறார்கள் என்று மாதக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. 2000-இல் அதே குழு இப்படிப்பட்ட அறிகுறிகள் உள்ள மனநோயாளிகளைச் சோதித்தபோது, அவர்கள் தங்களைத் தாங்களே வருடிக்கொண்டதும் அடுத்தவர் வருடியதும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. "இது நான்" என்று கழிக்கும் கணக்கு அங்கே சரியாக நடக்கவில்லை. இப்படித் தவிக்கும் ஒரு பையனைக் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு அலைந்து, எலுமிச்சை நறுக்கி, வேப்பிலையால் அடித்து வருசத்தைக் கழிக்கிறோம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு வாங்கினால் போதும், மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள்.