கொட்டேஷனை மெயிலில் அனுப்பும் முன்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ ஏற்றுமதி செய்பவர்களுக்கு மெயில், சர்வர் வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அரசாங்கம் நம் மெயிலைப் பார்க்கலாம் என்று சொன்னால், “நாம என்ன தப்பு பண்றோம்? பார்த்தா பார்க்கட்டும்” என்றுதான் பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜெர்மனிக்காரரிடம் சதுர அடிக்கு எவ்வளவு வரை விலை இறங்குவோம் என்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அது ரகசியம்.

2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொண்டுவந்த அமெரிக்க உளவு ஆவணங்களை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ, பிரிசம் என்ற கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ நிறுவனங்களிடமிருந்து மெயில்களைப் பெற்றது. அந்தத் திட்டத்துக்கு அடிப்படையான அமெரிக்கச் சட்டம் குறிவைப்பது வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை, அதாவது நம்மைப் போன்றவர்களை. கண்காணிக்கப்பட்டவர்கள் தீவிரவாதிகள் மட்டுமல்ல. பிரேசிலின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் பெயரும் அந்த ஆவணங்களில் இருந்தது.

நம் நாட்டில், கணினித் தகவல்களை இடைமறித்துப் பார்க்கவும் பூட்டைத் திறக்கச் சொல்லவும் அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு இருக்கிறது. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. உளவு அமைப்புகளான ஐபி, ரா மட்டுமல்ல, வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் நேரடி வரிகள் வாரியமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏற்றுமதிக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தால் மொத்தம் 180 நாள் வரை. உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர், அதைப் பிறகு சரிபார்ப்பதும் செயலாளர்கள் அடங்கிய குழுதான். நீதிபதி எங்கேயும் வருவதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகும் இப்படியே இருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? பிரவுசரில் தெரியும் பூட்டுக் குறி, உங்கள் பிரவுசருக்கும் மெயில் சர்வருக்கும் இடையிலான வழிக்கு மட்டும்தான். சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததும் மெயில் நிறுவனம் அதைத் திறந்து எடுத்துக் கொடுக்க முடியும். அதனால் விலைப்பட்டியல், சாய ஃபார்முலா போன்றவற்றைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைலாக அனுப்புங்கள். பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். பெறுபவர் மட்டும் திறக்கும்படி மெயிலையே பூட்டும் பிஜிபி முறையை வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் இரண்டு பக்கமும் வைத்திருக்க வேண்டும். அப்புறம், பிஜிபியிலும் சப்ஜெக்ட் வரி பெரும்பாலும் மறைக்கப்படுவதில்லை. அங்கே விலையை எழுதாதீர்கள்.

இதெல்லாம் சட்டத்தை ஏமாற்றும் வழி அல்ல. முறையான உத்தரவோடு கேட்டால் பூட்டைத் திறந்து கொடுத்தாக வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் நீங்களே பூட்டி அனுப்பியிருந்தால் அந்த உத்தரவு மெயில் நிறுவனத்தோடு நிற்காமல் உங்கள் மேஜைக்கு வரும், நீங்கள் வக்கீலைக் கூப்பிட்டுப் பேசவும் முடியும்.